மதிப்பீடு தயாராகும் முன்பே போய்ப் பேசுங்கள்: மாற்றுத்திறனாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு கிராம சபை வழிகாட்டி

எங்கள் ஊராட்சியில் அங்கன்வாடி ஒன்றுக்குச் சாய்வுதளம் கட்டினார்கள். மூன்று படி உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் நீளம்தான் விட்டிருந்தார்கள். பின்னால் இரண்டு பேர் நின்று தள்ளினாலும் சக்கர நாற்காலி அதில் ஏறாது. இறங்கும்போது பிடி நழுவினால் வண்டி தெருவில் போய்த்தான் நிற்கும். கட்டியவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதில் ஏறப்போகிறவர்களில் ஒருவரைக்கூட அவர்கள் கேட்கவில்லை. வண்ணம் பூசி முடித்த பிறகு திறப்பு விழாவுக்கு மட்டும் எங்களை அழைத்தார்கள்.

நான் காலிப்பர் (காலைத் தாங்கும் உலோகக் கருவி) அணிந்து ஊன்றுகோலுடன் நடப்பவள். அந்தச் சாய்வுதளத்தை இடித்துச் சரியாகக் கட்ட வைப்பதற்குள் எந்த மேசையில் என்ன காகிதம் கேட்பார்கள், எந்த நாளைத் தவறவிட்டால் எத்தனை மாதம் தள்ளிப்போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்களும் அதே அலைச்சலைப் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும், உடனிருந்து கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் உரியது இது. நகரவாசிகளுக்குக் கடைசிப் பகுதியில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஊராட்சியில் எந்தக் கட்டுமான வேலைக்கும் முதலில் மதிப்பீடு தயாரிப்பார்கள். பணி மேற்பார்வையாளர் இடத்தை அளந்து கணக்குப் போடுவார், உதவிப் பொறியாளர் சரிபார்ப்பார், பிறகு அனுமதி வரும். நீளம், அகலம், கைப்பிடி, கதவு எல்லாம் அந்தக் காகிதத்திலேயே முடிவாகிவிடும். அதன் பிறகு நீங்கள் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் "மதிப்பீட்டில் இல்லையே" என்ற பதில்தான் கிடைக்கும். ஆகவே கீழே சொல்லும் எல்லாப் படிகளும் மதிப்பீடு தயாராவதற்கு முன்பே நீங்கள் அங்கே இருப்பதற்கான வழிகள்தான்.

1. முதலில் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள்

கிராம சபையில் பேச அடையாள அட்டையோ மருத்துவச் சான்றோ தேவையில்லை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் கிராம சபை உறுப்பினர். "மாற்றுத்திறனாளி அட்டை இல்லாதவர்கள் பேச முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் பலருடைய பெயர் பட்டியலிலேயே இருக்காது. "அவன் எங்கே ஓட்டுப் போடப் போகிறான்" என்று வீட்டாரே விட்டுவிடுகிறார்கள். மணமாகி வந்த பெண்களின் பெயர் பிறந்த ஊரிலேயே தங்கியிருக்கும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளி என்று வாக்காளர் பட்டியலில் குறிக்கச் சொல்லவும் படிவம் 8 உதவும். பெயர் சேரச் சில வாரங்களாவது ஆகும் என்பதால் இதை முதல் வேலையாக முடித்துவிடுங்கள்.

18 வயது நிரம்பாத பிள்ளைக்காகப் பெற்றோர் பேசலாம். பிள்ளையையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அதன் சக்கர நாற்காலி மண்டப வாசலில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் உங்கள் கோரிக்கை என்னவென்று எல்லோருக்கும் விளங்கிவிடும்.

2. தனியாகப் போகாதீர்கள்

ஒருவர் கேட்டால் அது தனிப்பட்ட குறையாகப் போய்விடும். ஏழெட்டுப் பேர் சேர்ந்து கேட்டால் தீர்மானமாக எழுதுவார்கள். ஆள் சேர்ப்பதில்தான் நான் மிகுதியாக நேரம் செலவழித்தேன், அந்த நேரம் வீணாகவில்லை.

ஒரே வகைக் குறைபாடு உள்ளவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். எனக்குப் படி தடை. பார்வை இல்லாதவருக்குப் படி பெரிய தடையில்லை, மூடியில்லாத வடிகால்தான் தடை. காது கேளாதவருக்குச் சுகாதார நிலையத்தில் பெயர் சொல்லி அழைப்பதே தடை, ஏனென்றால் அவர் முறை வந்து போனது அவருக்குத் தெரியாது. மனநலச் சிகிச்சையில் இருப்பவருக்கு எந்த நாளில் மருத்துவர் வருவார், எந்த நாளில் மாத்திரை கிடைக்கும் என்று தெரியாததுதான் தடை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வட்ட மருத்துவமனைக்கு வரும் நாளை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தாலே சில குடும்பங்களுக்கு ஒரு நாள் கூலி மிச்சம். இதற்குச் சிமெண்ட் வேண்டாம், பணமும் வேண்டாம். ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து சொன்னால்தான் இப்படி ஒரு தேவை இருப்பதே வெளியில் தெரியும்.

வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். போகும்போது இவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவனித்துக்கொள்கிறவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மகனுக்கு என்ன வேண்டும் என்று அம்மா ஒன்று சொல்வார். மகனைத் தனியாகக் கேட்டால் அவன் வேறொன்று சொல்வான். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நோயின் கதையையோ விபத்தின் கதையையோ கூட்டத்தில் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள். கட்டடத்தைப் பற்றிப் பேச அந்தக் கதை தேவையில்லை. கூட்டத்துக்கு வர விரும்பாதவர் எழுதிக் கொடுத்தால், பெயர் சொல்லாமல் நீங்கள் வாசிக்கலாம்.

கூலி இழப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். வருகிறவருக்கும் துணைக்கு வருகிறவருக்கும் அரை நாள் வேலை போகும். ஆட்டோவுக்கும் தேநீருக்கும் ஆகும் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஊரில் வசதியுள்ள ஒருவரிடம் அதற்கென்று மட்டும் கேளுங்கள். ஒன்றிய அலுவலகத்துக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ போகும்போது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் கட்டணம் இல்லை. அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

காது கேளாதவர் குழுவில் இருந்தால், சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். அருகில் செவித்திறன் குறைந்தோர் பள்ளி இருந்தால் அங்குள்ள ஆசிரியர்களையும் கேட்டுப் பாருங்கள்.

3. அளவெடுங்கள்

"சாய்வுதளம் கட்டித் தாருங்கள்" என்று மட்டும் கேட்டால் எங்கள் ஊரில் நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். அளவு சொல்லிக் கேளுங்கள். ஓர் அளவு நாடா வாங்கிக்கொண்டு குழுவாகப் போய் அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, துணை சுகாதார நிலையம், ஊராட்சி அலுவலகம், பொதுக் கழிப்பறை எல்லாவற்றையும் பாருங்கள். பயன்படுத்துகிறவரே ஏறிப் பார்க்க வேண்டும், நீங்கள் அவருக்காக ஊகிக்கக் கூடாது.

சாய்வு 1:12-க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது ஒரு பங்கு உயரத்துக்குக் குறைந்தது 12 பங்கு நீளம் வேண்டும். வாசல் உயரம் 30 செ.மீ. என்றால் 3.6 மீட்டர், 45 செ.மீ. என்றால் 5.4 மீட்டர். "அவ்வளவு இடம் இல்லை" என்பார்கள். நடுவில் ஒன்றரை மீட்டருக்குச் சமதளம் விட்டு, பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம். அப்படிக் கட்டிய படம் கைப்பேசியில் இருந்தால் காட்டுங்கள்.

அகலம் 120 செ.மீ. இருபுறமும் கைப்பிடி. சக்கரம் வெளியே நழுவாதபடி ஓரத்தில் சிறு மேடு. தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும். பளபளக்கும் ஓடு பதித்தால் மழை நாளில் ஊன்றுகோல் வழுக்கிவிடும். கதவுத் திறப்பு 90 செ.மீ. இருக்க வேண்டும். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும்.

எங்கள் ஊரில் சக்கர நாற்காலியைவிட மூன்று சக்கர வண்டியிலும், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரிலும் வருபவர்கள்தான் அதிகம். அவை அகலமானவை. சாய்வுதளத்தின் அடியில் வண்டியை நிறுத்தவும் திருப்பவும் இடம் இல்லையென்றால் மேலே எவ்வளவு சரியாகக் கட்டினாலும் பயனில்லை. உங்கள் ஊரில் இருக்கும் வண்டிகளையே அளந்து அந்த எண்ணை எழுதுங்கள்.

4. கட்டடம் யாருடையது என்று கேளுங்கள்

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஊருக்குள் இருக்கும் எல்லாக் கட்டடமும் ஊராட்சிக்குச் சொந்தமில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் சுகாதாரத் துறையுடையது. நியாயவிலைக் கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம், கட்டடம் வேறு யாருடையதாகவும் இருக்கலாம். தொடக்கப் பள்ளி ஊராட்சி ஒன்றியத்துடையதாக இருக்கலாம். பேருந்து நிழற்குடையைச் சட்டமன்ற உறுப்பினர் அல்லது நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் கட்டியிருக்கலாம். ஊராட்சிச் செயலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

ஊராட்சிக்குச் சொந்தமில்லாத கட்டடத்துக்கும் கிராம சபையில் தீர்மானம் போடலாம். உரிய துறையைக் கேட்டுக்கொள்வதாக அந்தத் தீர்மானம் இருக்கும். அதன் நகலை அந்தத் துறைக்கு நீங்களே அனுப்ப வேண்டும். யாரோ அனுப்பிவிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

5. மனுவும் ஆவணங்களும்

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பெறுநர் ஊராட்சித் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்த இடங்களில் தனி அலுவலர். நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி). உடன் வைக்க வேண்டியவை: கையெழுத்திட்டவர்களின் பெயர், வார்டு எண், வாக்காளர் அடையாள அட்டை எண், நீங்கள் எடுத்த அளவுகள், இப்போதுள்ள நிலையைக் காட்டும் இரண்டு மூன்று புகைப்படங்கள். மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை நகல் கட்டாயமில்லை என்றாலும், ஓரிருவருடையதை வைத்தால் பிறகு யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அட்டை இல்லாதவர்கள் இணையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். மருத்துவக் குழுவின் பரிசோதனைக்குப் பின் கைக்கு வர மாதங்கள் ஆகலாம் என்பதால் அதற்காக மனுவை நிறுத்தி வைக்காதீர்கள்.

சட்டத்தை ஒரே வரியில் குறிப்பிடுங்கள்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 44 மற்றும் 45. புதிய கட்டடத்தை அணுகல் விதிகளுக்கு மாறாகக் கட்ட அனுமதிக்கக் கூடாது என்பது முதலாவது. பழைய பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்பது இரண்டாவது. விதிகள் வந்தது 2017-இல், கெடு எப்போதோ முடிந்துவிட்டது. இதைச் சண்டை போடும் குரலில் எழுத வேண்டாம். அந்த வரி மனுவில் இருந்தாலே படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

செலவு மிகவும் குறைவு. நகலெடுப்பதற்கும் படம் அச்சிடுவதற்கும் தபாலுக்கும் ஆகும் சில்லறைதான். மனு கொடுக்கக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். நேரில் கொடுக்கும்போது உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். முத்திரை இல்லை என்றால் அதே நாளில் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

6. நாள் கணக்கு

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தால் கூட்டம் தள்ளிப்போகும். ஏழு நாளுக்கு முன் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது விதி. கூட்டப் பொருள் அதற்கு முன்பே தயாராகிவிடும் என்பதால் மனுவைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கூட்டத்தன்று நீட்டும் மனு "இதர பொருள்கள்" வரிசையில் கடைசிக்குப் போய், எல்லோரும் எழுந்து போகும் நேரத்தில் எடுக்கப்படும்.

ஆறில் முக்கியமானது அக்டோபர் 2 கூட்டம். அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான வேலைகள் அந்த நாளையொட்டித் தொடங்கும். அந்தத் திட்டத்தில் ஏறாத வேலைக்கு நிதி கேட்பது மிகவும் கடினம். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் பேச்சைத் தொடங்குங்கள், அக்டோபர் 2 கூட்டத்தில் தீர்மானமாக்குங்கள், ஜனவரி 26 கூட்டத்தில் திட்டப் பட்டியலில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். மே மாதம் தொடங்குகிறவர்களுக்கு ஆள் சேர்க்கவும் அளவெடுக்கவும் தாராளமாக நேரம் கிடைக்கும்.

7. கூட்டத்தன்று

இடத்தை முன்கூட்டியே விசாரியுங்கள். மதம் சார்ந்த வளாகத்தில் கூட்டம் நடத்தக் கூடாது என்பது அரசின் அறிவுறுத்தல். படியேறிப் போக வேண்டிய மண்டபமாக இருந்தால், மரத்தடியிலோ பள்ளி மைதானத்திலோ நடத்தும்படி மனுவிலேயே கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

குறைந்தபட்ச வருகையைத் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர். அந்த எண்ணிக்கை இல்லாமல் போட்ட தீர்மானத்தைப் பிறகு யாரும் கேள்வி கேட்கலாம். உங்கள் குடும்பத்தினரையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வருவது உங்கள் தீர்மானத்துக்கே பாதுகாப்பு.

வருகைப் பதிவேட்டில் கூட்டம் நடக்கும் இடத்தில் மட்டும் கையெழுத்திடுங்கள். வீட்டுக்கு யாராவது எடுத்து வந்தால் மறுத்துவிடுங்கள்.

பேசும்போது உதவித்தொகையைக் கலக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் எழுந்து "எனக்கு உதவித்தொகை நின்றுவிட்டது" என்று தொடங்கினால் அடுத்த அரை மணி நேரமும் அதிலேயே போய்விடும். அந்த வேதனை உண்மையானது, ஆனால் அதற்கான இடம் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். அப்படிப்பட்ட மனுக்களைத் தனியாக எழுதிக் கொடுக்க உதவுங்கள். கிராம சபையில் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் சேவையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். இப்படி:

"அங்கன்வாடி மையத்துக்கு 1:12 சாய்வில், 120 செ.மீ. அகலத்தில், இருபுறமும் கைப்பிடியுடன் சாய்வுதளம் அமைக்கத் தீர்மானிக்கப்பட்டது. மதிப்பீடு தயாரிக்கும் முன் பணி மேற்பார்வையாளர், பயன்படுத்தும் மாற்றுத்திறனாளிகள் இருவர் முன்னிலையில் இடத்தைப் பார்வையிட்டு அளவெடுக்க வேண்டும் எனவும் தீர்மானிக்கப்பட்டது."

இரண்டாவது வாக்கியத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். "ஆவன செய்யப்படும்" என்று எழுதப் போனால், அது பதில்தானே தவிரத் தீர்மானம் அல்ல என்று பணிவாகச் சொல்லி உங்கள் வாசகத்தை மறுபடி வாசியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்த பிறகு அதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. தீர்மானத்துக்குப் பிறகு

ஒரு மாதம் பொறுத்து நகல் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை, சான்று வைத்தால் போதும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் அவர்கள்தான் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். "ஏன் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிடுவார்கள். தீர்மானத்தின் நகல், அதன் மீது எடுத்த நடவடிக்கைக் கடிதங்களின் நகல், மதிப்பீட்டின் நகல் என்று காகிதங்களைக் கேளுங்கள்.

பணி மேற்பார்வையாளர் அளவெடுக்க வரும் நாளில் எப்படியாவது அங்கே இருங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான். ஊராட்சிச் செயலரிடம் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, வருவதற்கு முதல் நாளே சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போடச் சொல்லி, அதன் மேல் உங்கள் வண்டியை ஓட்டிக் காட்டுங்கள். நான் சந்தித்த பொறியாளர்களில் பெரும்பாலோர் அந்த நொடியில் தாங்களாகவே நீளத்தைக் கூட்டினார்கள்.

கான்கிரீட் போடும் நாளில் ஒருவர் போய்ப் பாருங்கள். கொத்தனாரிடம் அன்பாகப் பேசுங்கள், கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று அவரிடம் நின்று காட்டுங்கள். இறுகிய பிறகு இடிக்க வேண்டுமானால் திருத்திய மதிப்பீடு கேட்பார்கள், அதற்கு ஓர் ஆண்டு போய்விடும்.

எங்குமே அசைவில்லை என்றால் வரிசை இதுதான்: வட்டார வளர்ச்சி அலுவலர், பிறகு திங்கட்கிழமை மனு, முதல்வரின் உதவி மையம் 1100, கடைசியாக மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் ஒப்புகையை இணையுங்கள்.

9. கிராம சபைக்கு வெளியே

அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேருங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். கழிப்பறை, வகுப்பறை மாற்றம் போன்றவற்றை அங்கே எழுப்புவது கிராம சபையைவிட விரைவாக முடியும்.

நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் கிராம சபைக்குப் பதிலாகப் பகுதி சபைகள் இருக்கின்றன. கூட்ட நாளை உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அளவெடுப்பது, வாசகம் எழுதிக் கொண்டுபோவது எல்லாம் அப்படியே அங்கும் பொருந்தும்.

2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறிய திருத்தங்களின்படி, ஊரக, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக இடம்பெற வழி திறந்திருக்கிறது. நகர்மன்றத்தில் நியமன உறுப்பினர் பேசலாம், வாக்களிக்க முடியாது. அப்படியிருந்தும் விண்ணப்பியுங்கள். மதிப்பீடுகளும் டெண்டர்களும் வரும் மேசையில் உட்காரும் வாய்ப்பு அது. அறிவிப்பு வந்தால் அவகாசம் குறுகியதாகவே இருக்கும். 2025 ஜூலையில் நகர்ப்புற அமைப்புகளுக்கு விண்ணப்பம் கேட்டபோது, செய்தி தெரிந்து அட்டை நகலைத் தேடுவதற்குள் நாள் முடிந்துவிட்டது என்று வருந்தியவர்களை நான் அறிவேன். அடையாள அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, முகவரிச் சான்று, புகைப்படம், நீங்கள் செய்த பொதுப்பணியைக் காட்டும் தீர்மான நகல்கள், இவை எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நகல்களைக் குழுவில் இன்னொருவர் வீட்டிலும் ஒரு தொகுதி வைத்திருங்கள்.